சித்தி, சுத்திக்கிட்டே இருக்கு: செம்பூரில் நான் வாங்கிய நிலையான ஐபி

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், அவசரமாக இருக்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம். நிலையான ஐபி, அதாவது நம் இணைய இணைப்புக்கு என்றும் மாறாத தனி எண் ஒன்றைத் தரும் சேவைக்கு, ஐந்தில் நான்கு. அதை விற்ற பிராட்பேண்ட் நிறுவனத்தின் தொலைபேசி உதவிக்கு அரை. கடைசியில் ஒரு லைன்மேனை அனுப்பி வைத்தார்களே, அவருக்கு ஐந்துக்கு ஆறு.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டே நிறுவனங்களின் கம்பிதான் வருகிறது. ஒன்றைத் திட்டினால் மற்றது உத்தமம் என்று ஆகிவிடும், அப்படியும் இல்லை. தவிர, அந்த லைன்மேன் எனக்குச் செய்து கொடுத்ததில் பாதி அவருடைய வேலைப் பட்டியலிலேயே இருந்திருக்காது. பெயரைப் போட்டு அவர் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனசில்லை.

எதற்கு எனக்கு இந்த வம்பு? ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி அறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது 23 பேர். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பஸ் போர்டில் மராத்தி வாசிப்பார்கள், ஊரிலிருந்து தாத்தா எழுதிய கடிதத்தைக் கையில் கொடுத்தால் கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ல, ள, ழ மூன்றையும் நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள், பயிற்சித் தாள்கள், நான் வாசித்த குட்டிக் கதைகள் என்று ஆறு வருடத்தில் 40 ஜிபி சேர்ந்துவிட்டது. வாட்ஸாப்பில் அனுப்பினால் குட் மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு நடுவில் காணாமல் போகிறது. டிரைவில் போட்டால் "அனுமதி கேட்குது மேடம்" என்று வாரத்துக்கு நான்கு அம்மாக்களிடமிருந்து போன்.

சரி, நம் வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று, மகன் புனேக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினிப் பெட்டியைத் தூசி தட்டினேன். லினக்ஸ் ஏற்றி, கேட்கிறவர்களுக்கு வலைப்பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் என்ற நிரலைப் போட்டு, சமையலறை மேல்தட்டில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுவது என் பிழைப்பு. 54 வயதில் மற்றவர்கள் வீணை கற்றுக்கொள்கிறார்கள், எனக்கு இது. வீட்டு வைஃபையில் 192.168.0.23 என்று அடித்தால் பக்கம் பளிச்சென்று வந்தது. ரூட்டருக்குள் போய் போர்ட் ஃபார்வர்டிங் பகுதியில், வெளியிலிருந்து 80 ஆம் எண் போர்ட்டை, அதாவது வலைப்பக்கம் கேட்கிறவர்களுக்கான கதவைத், தட்டுகிறவரை 192.168.0.23 க்கு அனுப்பு என்று எழுதினேன். வெளியில் தெரியும் நம் ஐபியைக் காட்டும் தளத்தில் என் எண்ணைப் பார்த்து, பாளையங்கோட்டையில் இருக்கும் அக்கா மகனுக்கு அனுப்பினேன்.

"சித்தி, சுத்துது."

"கொஞ்சம் பொறு."

"சுத்திக்கிட்டே இருக்கு சித்தி."

அடுத்த பதினொரு நாளும் அவன் எனக்கு இந்த ஒரே வாக்கியத்தைத்தான் அனுப்பினான்.

நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். மறுநாள் வேறொரு குரல், பின்னால் இருக்கும் ஓட்டையில் ஊசியை விட்டுப் பத்து நொடி அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். எழுதி வைத்திருந்த எல்லா அமைப்பும் துடைத்துப் போனது, வைஃபை பெயர் உட்பட. மூன்றாவது நாள் நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன், ஹிந்தியில் நடந்தது.

"மேடம், உங்களுக்கு யூடியூப் வருகிறதா?"

"வருகிறது."

"அப்படியானால் புகார் தீர்ந்தது."

ஐந்து நிமிடத்தில் குறுஞ்செய்தியும் வந்தது, உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது என்று. இப்படி மூன்று புகார் எண்கள் வெற்றிகரமாகத் தீர்ந்தன. வெளியிலிருந்து உள்ளே வரவேண்டும் என்று நான் கேட்டதை அங்கே ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லை. அவர்கள் உலகத்தில் இணையம் என்றால் குழாய்த் தண்ணீர் மாதிரி, நம் பக்கம் மட்டும்தான் வரும்.

ரூட்டர்தான் கெட்டுவிட்டது என்று நானே முடிவு கட்டி, புதிதாக வாங்கலாம் என்று, கணினிச் சாமான் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடுக்குக் கிளம்பினேன். பெயர்ப்பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று இருக்கும், டாக்ஸிக்காரரிடம் லாமிங்டன் ரோடு என்றால்தான் வண்டி நகரும். செம்பூரில் ஹார்பர் லைன் ஏறி, குர்லாவில் மாறி, தாதரில் மறுபடி மாறி, வெஸ்டர்ன் லைனில் கிராண்ட் ரோடு. ஜூலை மழை வேறு. முழங்கால் வரை நனைந்து ஒரு சந்துக் கடையில் போய் நின்று, போர்ட் ஃபார்வர்டிங் ஒழுங்காக வேலை செய்கிற ரூட்டர் ஒன்று வேண்டும் என்றேன்.

கடைக்காரர் பெட்டியை எடுக்கவில்லை. "இப்போது இருக்கிற ரூட்டரில் வான் (WAN, வெளிப்பக்க இணைப்பு) என்ற இடத்தில் என்ன எண் காட்டுகிறது?" என்று கேட்டார். கணக்கு எழுதுகிறவளுக்கு எதையும் படம் பிடித்து வைக்கும் பழக்கம் உண்டு. என் ரூட்டர், அதற்கு முன்னால் ஹாலில் நிறுவனம் மாட்டிவைத்த, ஒளிக்கம்பி வந்து சேரும் ஓஎன்டி பெட்டி, இரண்டின் பக்கங்களும் போனில் இருந்தன. என் ரூட்டரில் 192.168.1.5. நிறுவனத்தின் பெட்டியில் 100.72 என்று தொடங்கும் ஒரு எண். வெளித்தளம் எனக்குக் காட்டிய எண்ணோ இந்த இரண்டும் இல்லை, மூன்றாவதாக ஒன்று.

அவர் சிரித்துவிட்டார். "உங்கள் வழியில் இரண்டு பூட்டு இருக்கிறது பெஹன்ஜி. ஒன்று உங்கள் வீட்டுக்குள்ளேயே, அதைத் திறந்துவிடலாம். இன்னொன்று கம்பெனியில். என் கடையில் இருக்கிற எல்லா ரூட்டரையும் வாங்கிப் போனாலும் அது திறக்காது."

பதினொரு நாள், மூன்று புகார் எண், ஒரு ஊசி. இவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெறுங்கையோடு திரும்பக் கூச்சமாக இருந்ததால் ஒரு கேட் 6 கேபிள் வாங்கிக்கொண்டேன். நல்ல கேபிள், அதற்கும் ஐந்து கொடுக்கலாம்.

அந்த இரண்டாவது பூட்டின் பெயர் சிஜிநேட், ஒரே வெளி எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. எங்கள் சொசைட்டியை வைத்துச் சொல்கிறேன். அத்தனை வீட்டுக்கும் வெளியுலகத்துக்குத் தெரிகிற வாசல் ஒன்றுதான். பி விங்கிலிருந்து ஒரு பையன் தயிர் வாங்கப் போனால் வாட்ச்மேன் மனதில் குறித்துக்கொள்வார், தயிரோடு திரும்பி வந்தால் உள்ளே விடுவார். ஆனால் வீட்டு எண் எதுவும் இல்லாமல் ஒரு அந்நியர் வாசலில் வந்து நின்றால்? யாரைப் பார்க்க வந்தார் என்று வாட்ச்மேனுக்கு எப்படித் தெரியும்? திருப்பி அனுப்பிவிடுவார். நான் என் வீட்டுக் கதவில் "பயிற்சித் தாள்கள் இங்கே கிடைக்கும்" என்று எத்தனை பெரிய பலகை மாட்டியும் பயனில்லை, ஆள் கேட்டைத் தாண்டவே இல்லை. நான் ரூட்டரில் எழுதியதெல்லாம் அந்தப் பலகைதான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பில் கடைசியாக மிஞ்சிய ஐந்து பெரிய தொகுதிகளையும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கடையைக் காலி செய்துவிட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் என்பது கட்டுப்படியாகாது. 2012 ஏப்ரலில், நிறுவனங்கள் தங்களுக்குள் இப்படிப் பங்கு போட்டுக்கொள்வதற்கென்றே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒதுக்கினார்கள். கிட்டத்தட்ட 42 லட்சம் எண்கள். என்னுடைய 100.72 அதற்குள் வருகிறது. சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்ணையும் கொடுக்கின்றன, விஷயம் அதேதான். எண் எப்படி இருந்தாலும் சோதனை ஒன்றுதான்: நிறுவனத்தின் பெட்டியில் வான் என்று காட்டுவதும் வெளித்தளம் காட்டுவதும் ஒன்றாக இல்லையென்றால், நடுவில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். தங்கள் கணினிகளைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் நிரலைப் போட்டவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்கவும், அதுவும் கணினிக்கு இதே 100 வரிசையில்தான் எண் கொடுக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பார்க்க வேண்டியது பெட்டியின் எண்ணை.

என் குறை சிஜிநேட் மேல் இல்லை. இணைப்பு வாங்கும்போது 200 எம்பிபிஎஸ், மூன்று ஓடிடி இலவசம், மாட்டும் கூலி இல்லை என்று நோட்டீஸ் முழுக்க அச்சடித்தவர்கள், உங்களுக்குத் தனி எண் கிடையாது என்று ஒரு வரி போட்டிருக்கலாம் அல்லவா? கேட்டால் மட்டும் சொல்கிறார்கள். கேட்பதற்கு அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். நான்காவது முறை உதவி எண்ணைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் "ஸ்டேடிக் ஐபி வேண்டும்" என்றேன். குரலே மாறிவிட்டது. விற்பனைப் பிரிவுக்கு மாற்றினார்கள், இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

மாதம் 200 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 36, ஆக 236. ஆனால் வருடத்துக்கு மொத்தமாகத்தான் கட்ட வேண்டும், 2,832 ரூபாய். ஆதார் நகல், எதற்காக வேண்டும் என்று ஒரு படிவம். "தமிழ் வகுப்பு" என்று எழுதினேன். அது வணிகமா என்று கேட்டார்கள். பீஸாக மாதம் ஒரு டப்பா முறுக்கு வருகிறது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். 24 மணி நேரத்தில் வரும் என்றார்கள், ஒன்பது நாள் ஆனது. பத்தாவது நாள் "உங்கள் ஸ்டேடிக் ஐபி செயல்படுத்தப்பட்டது" என்று செய்தி வந்தது. பெட்டியைப் பார்த்தால் அதே 100.72. அக்கா மகனும் அதே வாக்கியம்.

இங்கேதான் லைன்மேன் வருகிறார். சனிக்கிழமை மத்தியானம், பெய்கிற மழையில், பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. மராத்திக்காரர், 30 வயது இருக்கும். என்னை "தாயி" என்று கூப்பிட்டார். மராத்தியில் தாயி என்றால் அக்கா, ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்துக் காதில் அது வேறு மாதிரி விழும். பதிலுக்கு நான் அவரை "தாதா" என்றேன். அது அங்கே அண்ணன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மாமியாருக்கு, தாதா ஒருவன் வீட்டுக்குள் வந்து தாயி என்று கூப்பிடுகிறான் என்று ஒரே குழப்பம்.

அவர் செய்தது மூன்று காரியம். முதலில், இணைப்பைத் துண்டித்து மறுபடி சேர்க்காதவரை பெட்டி பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும் என்று சொல்லி, தன் போனிலிருந்து யாரையோ கூப்பிட்டு அந்தப் பக்கத்திலும் துண்டிக்க வைத்தார். வீட்டுப் பக்கம் மட்டும் அணைத்துப் போட்டால் சில சமயம் போதாதாம். அப்புறம், நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றினார். அதுவரை அந்தப் பெட்டியும் ஒரு ரூட்டராக நடந்துகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் என் ரூட்டர் இன்னொன்று. லாமிங்டன் ரோடு கடைக்காரர் சொன்ன முதல் பூட்டு இதுதான். நான் என் ரூட்டரில் வழி எழுதினேன், முன்னால் இருந்த பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. பிரிட்ஜ் ஆனபின் அந்தப் பெட்டி ஒளிக்கம்பியை ஈதர்நெட்டாக மாற்றித் தருவதோடு சரி, மற்றதெல்லாம் என் ரூட்டர் பொறுப்பு. மூன்றாவது, ரூட்டர் நிறுவனத்தோடு இணைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், என் இணைப்பு போகும் தடத்தைக் குறிக்கும் விலான் எண் மூன்றையும் என் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். இதைத்தான் உதவி எண்ணில் கேட்டபோது "பாதுகாப்புக் காரணங்களால்" தர முடியாது என்றார்கள். என் இணைப்பின் கடவுச்சொல்லை என்னிடமிருந்தே பாதுகாக்கிறார்களாம்.

என் ரூட்டரில் அதையெல்லாம் அடித்து, விலான் எண்ணை ஒருமுறை தப்பாகப் போட்டு, திருத்தினேன். வான் என்ற இடத்தில் ஒரு நிஜ எண் வந்து நின்றது. வெளித்தளத்திலும் அதே எண். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டு மழையிலேயே போய்விட்டார். எக்ஸ்ட்ரா பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அதனால்தான் அந்த ஆறு.

ஆனால் கதை முடியவில்லை. அவர் லிஃப்டில் இறங்குவதற்குள் நான் வீட்டு வைஃபையில் இருந்தபடியே புது எண்ணை அடித்துப் பார்த்தேன். என் பக்கம் வரவில்லை, ரூட்டரின் லாகின் பக்கம் வந்து நின்றது. நெஞ்சு திக்கென்றது, உலகம் முழுக்க என் ரூட்டரின் வாசல் தெரிகிறதா என்று. அப்படி இல்லை. உள்ளே இருந்துகொண்டு நம் வெளி எண்ணையே கூப்பிட்டால், பல ரூட்டர்கள் அதை வெளியே போய்த் திரும்பி வந்ததாக நடத்துவதில்லை. சிலது தன்னுடைய பக்கத்தைக் காட்டும், சிலது ஒன்றும் செய்யாது. வெளியிலிருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்க்க வேண்டும், அல்லது பாளையங்கோட்டையில் ஒரு அக்கா மகன் வேண்டும்.

"சித்தி, சுத்துது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை வழி என் கையில் இருந்ததால் சோதித்துப் பார்க்க முடிந்தது. ராஸ்பெர்ரி பையில் டிசிபிடம்ப் என்ற நிரலை ஓடவிட்டேன். வாசலுக்கு வந்து போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் அது ஒரு வரியாக எழுதும். அவனை 80 ஐத் தட்டச் சொன்னேன். திரையில் ஒன்றுமே இல்லை, ஒரு பொட்டலம்கூட வரவில்லை. ரூட்டரில் 8080 க்கும் ஒரு வழி எழுதிவிட்டு, இப்போது அதைத் தட்டு என்றேன்.

"சித்தி, இப்ப சுத்தல. உடனே முடியாதுன்னு சொல்லுது."

நான் சமையலறையில் கை தட்டினேன். மாமியார் எட்டிப் பார்த்தார். முடியாது என்று ஒரு இயந்திரம் சொன்னதற்கு ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாளா என்று கேட்டால், படுவாள். சுற்றிக்கொண்டே இருந்தால், தட்டியது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது, எங்கே என்று யாரும் சொல்லப் போவதில்லை. உடனே முடியாது என்று வந்தால், பெரும்பாலும் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, வீட்டில் அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை, அவ்வளவுதான். என் விஷயத்தில் வெளியிலிருந்து வரும் 8080 ஐ உள்ளேயும் 8080 க்கே அனுப்பியிருந்தேன். என்ஜின்எக்ஸ் உட்கார்ந்திருந்ததோ 80 இல். உள் எண்ணை 80 என்று மாற்றினேன். ஒரு நிமிடம் கழித்து போனில் என் குரலே கேட்டது, "பழம், பள்ளம், பல்" என்று. அவன் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தான்.

80 ஏன் வரவில்லை? நிறுவனத்தைக் கேட்டேன், எந்த போர்ட்டையும் நாங்கள் அடைப்பதில்லை என்றார்கள். லைன்மேனுக்கு வாட்ஸாப் அனுப்பினேன், "வீட்டு இணைப்பு எல்லாவற்றுக்கும் 80 மேலேயே மூடியிருக்கும் தாயி" என்று பதில் வந்தது. டிசிபிடம்ப் அவர் கட்சியில் நின்றது. 443 திறந்திருந்தது, அது போதும். https என்று தொடங்கும் தளங்கள் வழக்கமாக அதில்தான் ஓடுகின்றன. அதற்கு, தளம் நம்முடையதுதான் என்று காட்டும் ஒரு சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது, ஆனால் வழக்கமான சோதனைக்கு அவர்கள் 80 வழியாக வந்து பார்ப்பார்கள். 80 அடைபட்டவர்கள், டொமைன் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ் வழிச் சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில், நம் டொமைன் பெயருக்குக் கீழே அவர்கள் சொல்கிற ஒரு வரியைப் பதிந்துவிட்டால் போதும், வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள். எனக்கு வந்த சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள், தானாகப் புதுப்பிக்கும்படி ஓட விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் அமைதியாகப் போனது. ஒரு வியாழக்கிழமை "மேடம், பக்கம் வரலை" என்று ஐந்து அம்மாக்கள். நிறுவனத்தைத் திட்டத் தயாராகி, வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, முதலில் அக்கா மகனைக் கேட்டேன். உடனே முடியாது என்கிறதாம். அப்படியென்றால் கோளாறு என் வீட்டில். சொசைட்டியில் மின்வேலை நடந்ததால் காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. எல்லாம் மறுபடி எழுந்தபோது, ரூட்டர் 23 இல் முடியும் எண்ணை ஹால் டிவிக்குக் கொடுத்துவிட்டு, ராஸ்பெர்ரி பைக்கு 31 ஐக் கொடுத்திருந்தது. அரைநாளாக என் மாணவர்கள் எங்கள் டிவியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரூட்டரில், வீட்டுப் பெட்டிகளுக்கு எண் பங்கிடும் டிஹெச்சிபி பகுதிக்குப் போய், ராஸ்பெர்ரி பையின் மேக் முகவரிக்கு, அதாவது பெட்டியை அடையாளம் காட்டும் எண்ணுக்கு, 23 ஐ நிரந்தரமாக ஒதுக்கி வைத்தேன். வழி எழுதுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய முதல் வேலை. மதிப்பெண்ணில் எனக்கும் ஒன்று குறைத்துக்கொள்கிறேன்.

நிலையான ஐபிக்கு ஏன் ஐந்து கொடுக்கவில்லை என்றால், வாங்கிய அன்றைக்கே விருந்தாளிகள் வரத் தொடங்குகிறார்கள். 8080 ஐத் திறந்த சில மணி நேரத்தில் என்ஜின்எக்ஸின் பதிவேட்டைப் பார்த்தேன். 23 பிள்ளைகள் படிக்கும் தளத்துக்கு நூற்றுக்கணக்கில் வரிகள். யாரென்றே தெரியாத எண்களிலிருந்து, என்னிடம் இல்லாத வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தையும், கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பையும் கேட்டுக் கேட்டுப் போயிருந்தார்கள். என் மேல் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் இல்லை, எண் வரிசையில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிற இயந்திரங்கள். இது எந்த நிறுவனத்தின் ஐபி வாங்கினாலும் நடக்கும். சோதனைக்குத் திறந்த 8080 ஐ அன்றைக்கே மூடினேன். 443 ஐத் தவிர ஒன்றும் திறந்து வைக்கவில்லை. தூரத்திலிருந்து பெட்டிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்ஹெச் கதவு வெளியில் கிடையாது, ரூட்டரை வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்தாகிவிட்டது, வீட்டுப் பெட்டிகள் தாமாகவே கதவு திறந்துகொள்ளும் யுபிஎன்பியும் அப்படியே. வாரம் ஒருமுறை அப்டேட். "ஒன்றுமே நடக்கவில்லையென்றால் டிஎம்இசட்டில் போட்டுவிடுங்கள்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எனக்கும் ஒருவர் சொன்னார். எல்லாக் கதவையும் கழற்றி வைப்பதற்குச் சமம் அது.

பணம் கொடுக்காமலே முடித்திருக்கலாமா? முடித்திருக்கலாம். கிளவுட்ஃபிளேர் டன்னல் மாதிரி ஒன்றைப் போட்டால், வீட்டுப் பெட்டியே வெளியே போய் இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, வருகிறவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். தயிர் வாங்கப் போன பையன் கதைதான், வாட்ச்மேன் தடுக்கமாட்டார். சிஜிநேட் ஒரு பொருட்டே இல்லை, எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம். வீட்டு ஆட்கள் மட்டும் பார்த்தால் போதும் என்றால் டெயில்ஸ்கேல் இன்னும் சுலபம். எண்களுக்குப் பஞ்சமில்லாத புதிய முறையான ஐபிவி6 கிடைத்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண்ணே வந்துவிடும், ஃபயர்வாலில் ஒரு வழி விட்டால் போதும். ஜியோ 2016 இல் தொடங்கியபோதே ஐபிவி6 இல்தான் வந்தது. எங்கள் நிறுவனத்தைக் கேட்டதற்கு "அடுத்த குவார்ட்டர்" என்றார்கள். எந்த வருடத்து குவார்ட்டர் என்று கேட்கவில்லை.

இதையெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் 2,832 ரூபாயைக் கட்டியிருப்பேனா? யோசித்திருப்பேன். இருந்தாலும் கட்டியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. நடுவில் இன்னொரு நிறுவனம் இல்லை, என் டொமைன் நேராக என் ஊறுகாய் அலமாரிக்கு வருகிறது. தவிர, எண் மாறாததால் டைனமிக் டிஎன்எஸ் வைத்து நிமிடத்துக்கு நிமிடம் எண்ணைத் துரத்துகிற வேலை இல்லை. மூன்று மாதத்தில் ஒருமுறைகூட எண் மாறவில்லை. கம்பி அறுந்து இரண்டு நாள் இணைப்பே இல்லாமல் கிடந்து திரும்பி வந்தபோதும் அதே எண். சேவை என்ற அளவில் சொன்னதைச் செய்கிறது. வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே மூன்று விஷயத்தைக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பெட்டியை பிரிட்ஜ் ஆக்கித் தருவார்களா, பிபிபிஓஇ கடவுச்சொல் தருவார்களா, 80 உம் 443 உம் திறந்திருக்குமா. போனில் வாங்கும் பதில் புகார் எண் மாதிரிதான், ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, பில்லைக் கவனியுங்கள். எனக்கு வந்ததில் ஸ்டேடிக் ஐபி என்ற சொல்லே இல்லை, "இதர சேவை" என்று போட்டிருந்தார்கள். கணக்கு எழுதுகிறவள் விடுவேனா? திருத்திய பில் கேட்டு எழுதியிருக்கிறேன். புகார் எண் கொடுத்தார்கள், சாயங்காலமே அதுவும் வெற்றிகரமாகத் தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பில் இன்னும் வரவில்லை.